பிளக்கைப் பிடுங்கியவருக்கு

நீங்கள் எழுந்து இதைப் படிக்கும்போது நானும் மகளும் பரீட்சைக்குக் கிளம்பியிருப்போம். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியை மாடி வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

உங்கள் இங்க்ஜெட் பிரிண்டர் காலையில் கழுத்தறுத்துவிட்டது. மாசத்துக்குப் பத்துத் தாள் அடிக்கிற வீட்டுக்கு லேசர் போதும், அதில் மை இல்லை, பொடிதான், காயாது என்று அன்றைக்கே தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "கலர் வேணாமா? உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றீர்கள், கடைக்காரர் முன்னால். சரி, வாங்கியதையாவது சும்மா விட்டீர்களா? கரண்ட் மிச்சம் என்று தினமும் பிளக்கைப் பிடுங்கினீர்கள். திரும்பப் போடும்போதெல்லாம் அது தன்னைக் கழுவிக் கழுவியே பாதி மையைக் குடித்தது. மீதி காய்ந்துவிட்டது.

ஹால் டிக்கெட்டை வழியில் ஏதாவது கடையில்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு எவன் திறந்திருப்பானோ. "அப்பாவை எழுப்பாதம்மா, இன்னைக்குச் சண்டை வேணாம்" என்றாள். அதனால் தப்பித்தீர்கள்.

சாயங்காலம் லேசரோடுதான் வருவேன். மேசையைக் காலி பண்ணி வையுங்கள்.

பி.கு.: இந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள், காலையில் உங்கள் பிரிண்டர் அடித்துத் தந்த ஹால் டிக்கெட். நீங்கள் ஆசைப்பட்ட கலர்தான். பச்சைக் கோடுகளுக்குப் பின்னால் இருப்பது உங்கள் மகள்.