மூன்றாம் குழியின் பக்கம்

நாள் 61 – 09:10
நிலவின் தென்முனை, பனிச்சுரங்கக் கட்டுப்பாட்டு அறை. பதிபவர் செண்பகவல்லி. காற்றழுத்தம், வெப்பம், மின்சாரம் சரி. மூன்றாம் குழியில் மிக்கேல் துளைக்கருவியைப் பழுதுபார்க்கிறார். இங்கே நான், அங்கே அவர். வேறு யாரும் இல்லை.
நான்கு திரைகளில் ஒன்றுதான் வேலை செய்கிறது. ஒவ்வொரு குழியின் அளவீட்டுப் பக்கத்தையும் என் அறையின் அளவுகளையும் ஒரே மேல்பக்கத்துக்குள், சன்னல் சட்டங்கள் போலச் சின்னச் சின்னச் சட்டங்களாக அடுக்கியிருக்கிறேன்.

நாள் 61 – 10:25
மூன்றாம் குழியின் பக்கம் தன் சட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதிலுள்ள ஸ்கிரிப்ட், தானாக ஓடும் சிறு நிரல், மேல்பக்கத்தைத் தள்ளிவிட்டுத் தன் முகவரியை அங்கே வைக்கிறது. இணைப்பு மெதுவானது, திரை முழுக்க வெள்ளை. என் அறையின் காற்றழுத்த அளவு மறைந்துபோனது. உடனே பழைய பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன்.

நாள் 61 – 10:50
ஐந்தாவது முறை. வெளியேறவிடாமல் தடுக்க எதிர் ஸ்கிரிப்ட் எழுதினேன். இரண்டும் மல்லுக்கட்டியதில் திரை உறைந்தது. ஆறு நிமிடம், என் காற்று எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.
வானொலியில் மிக்கேலிடம் கேட்டேன். "நா எதையும் தொடலக்கா. லேசா தலவலி, அவ்ளோதான். நீங்க ஒங்க ஸ்கிரீனப் பாருங்க."

நாள் 61 – 11:05
சட்டத்துக்கே பூட்டுப் போட்டேன். உள்ளே ஸ்கிரிப்ட் ஓடலாம். மேல்பக்கத்தைத் தொட முடியாது. அடங்கிவிட்டது. தேநீர் குடித்தேன்.

நாள் 61 – 12:30
மிக்கேலின் பேச்சு குழறுகிறது. "அக்கா... கடல் சத்தம் கேக்குது. தூத்துக்குடிக்கு எப்ப வந்தீங்க?"

நாள் 61 – 12:36
தடுப்புப் பதிவைப் பார்த்தேன். பூட்டுப் போட்ட பிறகு நானூற்றுப் பன்னிரண்டு முறை அந்தப் பக்கம் வெளியே வர முயன்றிருக்கிறது.
அதன் நிரலைத் திறந்தேன். வெளியே தாவும் வரிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: குழிக்குள் கரியமில வாயு எல்லை தாண்டினால் மட்டும். பக்கத்தில் எழுதியவரின் குறிப்பு: "சின்னச் சட்டத்துக்குள் கிடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்."
குழியின் அபாய மணி சென்ற வாரமே கெட்டுப்போனது. அவருக்காகக் கத்த இந்தப் பக்கம் மட்டும்தான் மிச்சம். அதன் வாயை நான் பொத்தியிருக்கிறேன்.

நாள் 61 – 12:39
பூட்டை எடுத்துவிட்டேன். ஆக்சிஜன் முகமூடியை மாட்டச் சொன்னேன். "அது எங்க இருக்குன்னு தெரியலக்கா."
வண்டியில் கிளம்புகிறேன். நாற்பது நிமிடம் ஆகும். யாராவது இதைப் படித்தால்: அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

நாள் 61 – 13:21
குரல் பதிவு. குழியின் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலுள்ள இடை அறைக்குள் இருக்கிறேன். உள்கதவின் மோட்டார் ஓடவில்லை. கைச்சக்கரத்தைச் சுற்றித்தான் திறக்க வேண்டும். முப்பது சுற்று. வானொலியில் பதில் இல்லை. கதவில் கையை வைத்தால் அதிர்கிறது. உள்ளிருந்து தட்டுகிறார்.

நாள் 61 – 13:24
பதினொன்று. பன்னிரண்டு. மிக்கேல், தட்டிக்கிட்டே இருங்க. தூங்கிராதீங்க.

நாள் 61 – 13:26
பத்தொன்பது. தட்டும் சத்தம் நின்றுவிட்டது.
இல்லை. ஒரு தட்டு. ஒன்றே ஒன்று.
இருபது. இருபத்தொன்று. மிக்கேல், இன்னொரு தட்டு தட்டுங்க. மெதுவாத் தட்டுனாப் போதும். இருபத்திரண்டு. மிக்கேல்—