அப்பா மறுபடி பாடம் வாசித்தார்

என் செல்ல மகன் ஷாமுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் தூத்துக்குடியில் சுகம், நீயும் மருமகள் ஜெமியும் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன்.

சர்க்கரை கண்ணைப் பாதித்ததிலிருந்து அப்பா புத்தகத்தைத் தொடாததும், கோயிலில் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதை விட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனதும் உனக்குத் தெரியும். நீ அனுப்பிய டேப்லெட்டின் வெளிச்சத்தில் அவருக்குக் கண்ணில் நீர்தான் வடிந்தது. கண் கூசாமல் புத்தகம் படிக்கிற இ-ரீடர் வாங்கட்டுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது, நான் லீவில் வந்து பார்க்கிறேன் என்றாய். நான் காத்திருக்கவில்லை ராசா. அப்பா கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த புத்தகங்கள் சிலதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு செல்வதுரையின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். எல்லாரும் சின்னதுதான் வாங்குதாங்க அக்கா என்றான். போட்டுக் காட்டச் சொன்னேன். சின்னதில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது, ஸ்கேன் செய்த பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருந்தது. பெரியதில் பக்கம் முழுசாகத் தெரிந்தது, எழுத்தும் கண்ணைக் குத்தவில்லை. அதையே வாங்கிவிட்டேன்.

அதைவிடப் பெரிய பாடு அப்பாவின் ஹார்ட் டிஸ்க். துறைமுக வேலையில் இருந்தபோதிருந்து சேர்த்த ஆயிரக்கணக்கான புத்தகங்கள், பாதிக்குப் பெயரே இல்லை. ஒரே ஆசிரியர் மூன்று விதமான ஸ்பெல்லிங்கில் மூன்று ஃபோல்டரில் இருந்தார். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் போட்டு, இரட்டிப்பானதை அழித்து, வேதம், சரித்திரம், கதை என்று பிரித்தேன். எல்லாவற்றையும் ரீடரில் திணிக்காமல் அப்பா கேட்டதை மட்டும் ஏற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தேன். ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஏளா ஹில்டா, எழுத்து அசையாம நிக்குது ஏளா என்றார்.

போன ஞாயிறு நம் சபைப் போதகர் ஐயர் பாடத்துக்கு ஆளைக் கூப்பிடுமுன் அப்பா தானே எழுந்து ரீடரோடு முன்னால் போனார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை ஷாம், அந்தப் பழைய கணீர்க் குரல், கோயிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "வாற வாரமும் எம் பேரையே போடச் சொல்லிட்டேன்."

கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து ஆசீர்வதிப்பாராக. ஜெமியை வேளைக்குச் சாப்பிடச் சொல். இனிப் பெயர் போடாத ஃபைல் ஒன்றுகூட எனக்கு அனுப்பாதே, அப்பாவின் ஹார்ட் டிஸ்குக்குள் விடமாட்டேன்.

பிரியமுள்ள அம்மா,
ஹில்டா ஜெபசிங்