சஹனில் கூழாங்கல்

கல்முனைக்குடி
07.06.2009

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு ஒரு குறையுமில்லை. உங்கள் முதுகுவலி எப்படியென்று நீங்களாக எழுதமாட்டீர்கள், நானே கேட்கிறேன்.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட சேலை, எடுக்கப் போவதற்குள் பப்படமாகிவிடுகிறது. என் ஓர்க்கிட் செடிகளின் இலையெல்லாம் சுருங்கின. பதினொன்றையும் முன்னறைக்குள் கொண்டுவந்துவிட்டேன். அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அதன்மேல் சட்டியை வைத்தால் எழும்புகிற ஈரம் இலைக்குப் போதுமாம். பாண்டிருப்பு நிரோஜினி சொன்னாள். சுனாமி முகாமில் என் பக்கத்துப் பாயில் கிடந்தவள், எழுதியிருந்தேனே. அவ்வளவு அகலத் தட்டுக்கு எங்கே போவது? ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற உம்மாவின் சோற்றுச் சஹனை எடுத்தேன்.

அதில் ஒரு பிழை நடந்தது. சஹனில் குறைவாக வைத்துப் பழகாத கை அல்லவா? விருந்துக்குச் சோறு குவிப்பதுபோலத் தண்ணீரையும் விளிம்புவரை நிரப்பிவிட்டேன். சட்டியின் அடி நனைந்தபடியே இருந்து மூன்று செடிகளின் வேர் அழுகிப்போயிற்று. நிரோஜினி பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன கா நபீஸா, செடிக்கு விருந்தா வெச்சிருக்காய்? தண்ணி கல்லுக்குக் கீழ நிக்கணும். சட்டி தண்ணியத் தொடவே கூடாது."

வன்னியில் இருந்த அவள் தம்பி சுஜீபனைப் பற்றி இன்னும் ஒரு தகவலுமில்லை. அப்படியிருந்தும் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகக் கழுவித் தந்துவிட்டுப் போனாள்.

இந்த வீட்டையும் வளவையும் விற்க நீங்கள் அனுப்பிய காணிப் பத்திரம் கிடைத்தது. யுத்தம் முடிந்தபிறகு ஹோட்டல் கட்டக் கடற்கரைக் காணி தேடிக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவது உண்மைதான். நான் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கிற எண்ணமுமில்லை.

இந்த நோன்புக்காவது வாருங்கள்.

உங்கள்
நபீஸா


தோஹா
28.06.2009

அன்பின் நபீஸா,

வஅலைக்கும் ஸலாம். முதுகுவலி இருக்கிறது. அதைவிடப் பெரிய வலியை நீ தருகிறாய்.

மாவடிப்பள்ளியிலிருந்து என் கூடப்பிறந்த ஹவ்வா உம்மா ராத்தா போன் எடுத்து அழுதா. "சோறு வெக்கிற சஹன்ல கல்லப் பரத்தி, தண்ணி ஊத்தி, செடி வெச்சிரிக்காடா ஒண்ட பொஞ்சாதி. இது நல்லதுக்கா?" என்று கேட்டா. நம் கலியாணத்தன்று உன் வாப்பாவும் நானும் ஒன்றாகக் கையிட்ட சஹன் அது. உனக்கு என்னதான் நேர்ந்தது?

ராத்தா தன் வீட்டு வளவில் பாதியை நமக்குத் தருவதாகச் சொல்கிறா. சுற்றிவர வயல். கடல் சத்தமே கேட்காது. நம் அஸீஸாவைக் கொண்டுபோன கடலுக்கு முன்னால் நீ பூ வளர்க்கிறாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஏழு வயதுப் பிள்ளை. நான் இங்கே சீமெந்து சுமந்துகொண்டிருந்தேன். செய்தி வந்தபோது அடக்கியும் முடிந்திருந்தது.

நான் உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன்தான். அதற்காக ஒரு சொல் சொல்லவும் எனக்கு உரிமையில்லையா? கையெழுத்து வை. இல்லையென்றால் அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன்.

சீனிமுகம்மது


கல்முனைக்குடி
19.07.2009

அன்புள்ள மச்சான்,

ஸலாம். கோபத்தில் எழுதினாலும் உங்கள் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

முதலில் சஹன். அலை அதை மூன்று தெரு தள்ளிக் கொண்டுபோய் மண்ணுக்குள் புதைத்தது. கையால் தோண்டி எடுத்தவள் நான். நம் கலியாணத்தன்று அதைச் சுற்றி ஆறு பேர் இருந்தீர்கள். வாப்பா இல்லை. மாமா இல்லை. என் தம்பிமார் இரண்டு பேரும் இல்லை. மிஞ்சியது நீங்களும் மீராசா சாச்சாவும். சாச்சாவுக்குச் சீனி வருத்தம், சோறு தள்ளிக் கஞ்சிதான் குடிக்கிறார். நீங்கள் நாலரை வருடமாக வரவில்லை. யார் கையிடுவதற்கு நான் அதைத் துலக்கி வைத்திருக்க வேண்டும்? சுற்றியிருக்க ஆறு பேரைக் கூட்டிவரச் சொல்லுங்கள் ஹவ்வா உம்மா மதினியிடம். அன்றைக்கே கல்லைக் கொட்டிவிட்டு நெய்ச்சோறு ஆக்குகிறேன்.

அடுத்தது கடல். நீங்கள் அதைத் தோஹாவில் டீவியில் பார்த்தீர்கள். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு கையில் மதில், மறு கையில் அஸீஸா. எந்தக் கை வழுக்கியது என்று அல்லாஹ்வுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இவ்வளவும் கண்ட நானே ஓடவில்லை. எத்தனையோ பேர் வந்து வீட்டை விட்டு எழும்பு என்றார்கள், எழும்பவில்லை. பயமில்லை என்று நினைக்காதீர்கள். காற்று திசை மாறினால் இன்றைக்கும் வாசலுக்குப் போய்க் கடலைப் பார்க்கிறேன். பயந்துகொண்டே கல்லைக் கழுவுகிறேன், மூன்று நாளைக்கொருமுறை தண்ணீர் மாற்றுகிறேன். கல்லுக்குக் கீழேதான் ஊற்றுகிறேன், இப்போது அளவு தெரியும். மற்ற எட்டுச் செடியும் பிழைத்துவிட்டன.

இந்த வீட்டை உம்மா எனக்குத் தந்தா. நான் அஸீஸாவுக்குக் கொடுக்க இருந்தேன். அவள் இல்லையென்பதற்காக ஹோட்டல்காரனுக்குக் கொடுக்கமாட்டேன். நம் ஊரில் பெண் தன் வீட்டை விட்டு மாப்பிள்ளை பக்கத்து வளவில் போய்க் குடியிருந்ததாக நான் கேட்டதில்லை. என்னோடு அது தொடங்கவும் வேண்டாம்.

பத்திரத்தை வெறுமையாகவே இதற்குள் வைத்திருக்கிறேன். தலாக்தான் வழியென்றால் அந்தக் கடதாசியை அனுப்புங்கள். அதில் கையெழுத்து வைக்கிறேன். அழுவேன், ஆனாலும் வைப்பேன்.

நபீஸா


தோஹா
16.08.2009

அன்பின் நபீஸா,

உன் கடிதத்தை இரண்டு வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பத்திரத்தைக் கிழித்துவிட்டேன். கொழும்புக்காரருக்கும் இல்லையென்று சொல்லியாயிற்று. ராத்தா கோபம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

லீவு கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதியதெல்லாம் பொய். ஒவ்வொரு வருடமும் தந்தார்கள். நான்தான் வேண்டாமென்றேன். வந்தால், "அண்டைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று நீ கேட்டுவிடுவாய் என்ற பயம். கடல்மேல் பழியைப் போட்டுக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். மதிலைப் பற்றி நீ எழுதியதை வாசித்தபோதுதான் விளங்கியது, நீயும் ஒரு கேள்விக்குப் பயந்துகொண்டு தனியாக இருந்திருக்கிறாய். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்கமாட்டேன் நபீஸா. நீ பிடித்திருந்தாய். நான் அங்கே இருக்கவேயில்லை.

நோன்பு பத்தில் வருகிறேன். உன் வீட்டுக்குத்தான். வந்ததும் அஸீஸாவின் கபுறுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு வழி தெரியாது.

சீனிமுகம்மது