பச்சைத் துண்டு போட்ட முதுகு

1988 ஜூலை 10, கம்பம்
ஞானசெல்வி மதுரையிலிருந்து வந்திருக்கிறாள். என் தங்கை சொர்ணலதாவின் மகள். கணக்கில் எம்.ஃபில். என் மருமகளுக்கு வெளிநாட்டிலிருந்து வாரம் பத்துக் கடிதம் வருகிறது என்று டீக்கடையில் சொல்லி வைத்தேன். (வந்தது ஒன்று.) ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே. எட்டாவது வரை படித்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

என்ன படிக்கிறாய் என்றேன். திராட்சைக் கூடைகளைக் காட்டினாள்.

"பார்த்தா ஒண்ணு போல இருக்குற பழத்தை எல்லாம் ஒரே கூடையில போடுங்க மாமா. முழுக்க இனிப்புன்னா அந்தக் கூடை நிச்சயம். முழுக்கப் புளிப்புன்னா அதுவும் நிச்சயம். கலந்து கிடக்குற கூடையில எது எதுன்னு பிரிக்க நம்மகிட்ட விவரம் இல்ல. பழைய கணக்குல ஆமாவையும் இல்லையையும் கூட்டினா முழுசாயிரும். இதுல கூட்டினாலும் நடுவுல மிச்சம் நிக்கும். அந்த மிச்சத்துக்கும் ஒரு இயற்கணிதம் இருக்கு. அதைத்தான் எழுதுறேன்."

"இதை நான் சந்தையில முப்பது வருசமாச் செய்றேன்" என்றேன். அவளும் சிரித்தாள், அவள் அப்பா ராஜமணி மச்சானும் சிரித்தார்.

ஜூலை 13
மச்சான் ஏலக்காய் வாங்க மலைக்குப் போய்விட்டார். மழை.

ஜூலை 14
நேற்றுக் குமுளிக்குப் போன ஜீப் மலைப்பாதையிலிருந்து ஓடைக்குள் விழுந்திருக்கிறது. ஐந்து பேரைப் பிணமாக எடுத்தார்கள். இரண்டு பேரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. யார் யார் ஏறினார்கள் என்று ஜீப் ஸ்டாண்டில் கேட்டார்கள். "ராஜமணியை நான்தான் கையைப் பிடிச்சு ஏத்தி விட்டேன், முன் சீட்டு" என்றேன்.

ஏன் சொன்னேன்? எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

ஜூலை 15
சாப்பிட்டேன். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

ஜூலை 19
மலைக்குப் போனால் மச்சான் இருபது நாள்கூட அங்கேயே கிடப்பார். அன்று வேறு பாதையில் கம்பம்மெட்டுக்கும் ஒரு ஜீப் போனது; அதில் ஏறியிருக்கவும் கூடும். அந்த டிரைவருக்கு எந்த முகமும் ஞாபகம் இல்லை. ஆள் அனுப்பினோம். பாதி எஸ்டேட்டுக்கு ரோடு இல்லை, மழையில் போய்விட்டது.

மச்சானின் அண்ணன் சங்கரலிங்கம் வந்தார். உடல் கிடைக்காவிட்டால் வைக்கோலில் உருவம் செய்து எரித்து, பதினாறாம் நாள் தாலியை இறக்கிவிடலாம் என்றார். "ஏத்தி விட்டவரு இங்கனயே உக்காந்திருக்காரு. வேற என்ன சாட்சி வேணும்?"

சொர்ணலதா, "அண்ணே, ஏறும்போது அவுக ஏதாச்சும் சொன்னாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

"உன்னையப் பத்திரமா இருக்கச் சொன்னாக" என்று அதற்கும் ஒன்று சொன்னேன்.

ஜூலை 27
நாளை பதினாறு. ஞானசெல்வி நோட்டும் பென்சிலுமாக எதிரே உட்கார்ந்தாள். அழவில்லை.

"மாமா, கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க. முகத்தைப் பார்த்தீகளா?"

"இல்ல தாயி."

"கையைப் பிடிச்சீகளா?"

"டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். முதுகுதான் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, பச்சைத் துண்டு."

"அன்னைக்கு ஸ்டாண்டுல பச்சைத் துண்டு எத்தனை பேரு?"

"பாதிப் பேரு போட்டிருப்பாக."

"அப்ப அத்தனை பேரும் ஒரே கூடை. அப்பா அதுக்குள்ள ஒருத்தரு. நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." நோட்டை மூடினாள். "பெரியப்பாகிட்ட இதை நீங்களே சொல்லணும்."

ஜூலை 28
சொன்னேன். முப்பத்தோரு பேர் முன்னால். (முப்பத்தொன்றுதான். எண்ணினேன்.) சங்கரலிங்கம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "உம்ம வாயை நம்பி வைக்கோல் கட்டு வாங்கியாந்தேன் பாரும்."

வைக்கோலை மாட்டுக்குப் போட்டோம். தாலி இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு சொர்ணலதா கேட்டாள்: "பத்திரமா இருக்கச் சொன்னாகன்னது?"

"அதுவும் இல்லம்மா."

செப்டம்பர் 2
ரோடு திறந்துவிட்டது. எல்லா எஸ்டேட்டுக்கும் நானே போய் வந்தேன். யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 20
எழுத ஒன்றும் இல்லை.

1989 மார்ச் 5
வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கத் தங்கை வீட்டுக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். சொர்ணலதா பொட்டோடு வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"ராஜமணி இருக்காரா, இல்லையா? இல்லைன்னா பேரை அடிச்சிரணும்."

முன்பு என்றால் அவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கதை சொல்லியிருப்பேன்.

"நான் பார்த்தது முதுகு மட்டும் சார்" என்றேன்.

அடிக்கப் போன பேனாவை நிறுத்தினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.