தினமும் ஸ்டார்ட் செய்த வண்டி

ஒர்க்‌ஷாப்பில் பழைய பாகங்களையெல்லாம் ஓர் அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். புதிது மாற்றியதற்கு அதுதான் அத்தாட்சியாம். பழைய இரும்புக்காரர் வரும்வரை கிடக்கட்டும் என்று சாக்கை வாசலிலேயே விட்டிருக்கிறேன். இன்று காலை பெருக்குவதற்காக நகர்த்தியபோது கருகிய எண்ணெய் வாசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் சட்டையில் வரும் வாசனைதான், கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. நான் அழவில்லை. சாக்கைப் பிரித்து டர்போவின் ஷாஃப்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பேரிங் உட்காரும் இடம் நீலம் பாய்ந்து, கோடு கோடாகக் கீறியிருந்தது. எண்ணெய் கிடைக்காமல் காய்ந்து ஓடியிருக்கிறது. கம்பெனியில் இப்படி ஒன்று என் மேசைக்கு வந்தால் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவேன்.

எதையும் சட்டென்று ஒதுக்குகிறவள் என்பது என்மேல் உனக்கு இருந்த பழைய புகார். நான் தரப் பரிசோதனையில், நீ டூல் ரூமில். "உங்கிட்ட ஓகே வாங்கறதுக்குள்ள பீஸுக்கே வயசாயிடும்" என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொல்வாய். கல்யாணத்துக்குப் பிறகு உன் அம்மா முன்னால் 'நீங்க', கதவைச் சாத்தினால் 'நீ'. இந்த மடலைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ அந்த வண்டியைப் பெங்களூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. யாரோ ஆசைப்பட்டு வாங்கி அலுத்துப்போய் விற்ற வண்டி. இரண்டே கதவு. பின்சீட்டில் ஒரு பையை வைக்கலாம், ஆளை வைக்க முடியாது. நம் தெரு முனையின் வேகத்தடையில் அதன் அடிவயிறு இடித்த சத்தம் சமையலறை வரை கேட்டது.

"ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாத வண்டி என்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

"நாம ரெண்டு பேர்தான?" என்றாய்.

"உங்கம்மா?"

"அம்மாவுக்கு பஸ்ஸுதான் புடிக்கும்."

உன் அம்மா அதை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உன் பதில் எனக்குப் பிடித்திருந்தது, வண்டி பிடிக்கவில்லை. நம் வருமானத்துக்கு அது அதிகம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். "ஒரு தரம் ஓட்டிப் பாரேன்" என்று எத்தனையோ முறை சாவியை நீட்டினாய். எனக்குக் கம்பெனி பஸ்ஸே போதும் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து வந்த நாட்களில், வேகம் எடுக்கும்போது டர்போ எழுப்பும் மெல்லிய விசில் சத்தத்தைக் கேட்பதற்காக நீ பாட்டை நிறுத்துவாய். எனக்குப் பிடித்த பாட்டாகப் பார்த்துத்தான் நிறுத்துவாய். வீட்டுக்கு வந்த பிறகும் எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாய். "சூட்டோட ஆஃப் பண்ணா டர்போ செத்துடும்" என்பாய். நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. அதை எழுதப் போவதில்லை. நீ அங்கேதான் இருந்தாய்.

நீ போன பிறகு வண்டி உறை போர்த்தியபடி போர்ட்டிகோவில் நின்றது. சாவி சாமி அலமாரியில், அத்தையின் பொறுப்பில். நானும் அவரும் ஒரே வீட்டில் அதிகம் பேசாமல், சண்டையும் போடாமல் இருந்துகொண்டிருந்தோம். நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவர் டிபன் டப்பாவை நீட்டுவார். சாயங்காலம் வந்து கழுவி வைப்பேன். வருஷத் திதி முடிந்ததும் வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். கிருஷ்ணகிரியில் கிரானைட் வியாபாரம் செய்யும் ஒருவர், மகனுக்கு வேண்டும் என்றார். விற்றுவிட்டு வந்து அத்தையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். "கிருஷ்ணகிரி வரைக்கும் போய்ட்டு வர்றேன், சாவி குடுங்க" என்று மட்டும் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

சூளகிரி தாண்டியதும் வண்டி இழுக்காமல் திணறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த லாரியே தெரியாத அளவுக்கு நீலப் புகை. எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். ஓரம் கட்டினேன். கொத்தமல்லிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வந்த டெம்போக்காரர் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். "ஆயிலு எரியுதுங்க. இனி சாவியே போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கிரானைட்காரருக்கு போன் செய்தேன். அவருக்கு ஒன்றும் அவசரமில்லை. "ரெடி பண்ணிக் கொண்டாங்க மேடம், எடுத்துக்கறேன்" என்றார்.

வண்டியை லாரியில் ஏற்றி அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அதன் முதலாளி தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிக்கிறவர். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து என்னிடம் காட்டினார். உள்பக்கம் மோர்க்குழம்பு போல மஞ்சளாய் அப்பியிருந்தது.

"தினாலும் யாராச்சும் சும்மா ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றாங்களா மேடம்? ஓட்டாம?"

"யாரும் தொடறதே இல்ல" என்றேன், நன்றாகத் தெரிந்தவள் போல.

அவர் நம்பவில்லை. எஞ்சின் சூடாகாமலே அணைத்து அணைத்து, எண்ணெயில் பெட்ரோலும் ஈரமும் கலந்து கெட்டுப்போய், டர்போவுக்குப் போகும் குழாயை அந்தச் சகதி அடைத்துவிட்டது என்றார். அப்படியே நிற்கும்வரை ஒன்றும் தெரியாது, வேகமாக ஓட்டிய அன்று போய்விடும். செலவு எவ்வளவு என்று கேட்டேன். அந்தப் பணத்துக்கு நாகரசம்பட்டியில் உங்கள் தோப்பில் இன்னொரு போர் போட்டிருக்கலாம், தண்ணீரும் வந்திருக்கும். "எஞ்சின், டர்போ ரெண்டும் போச்சு. பார்ட்ஸுக்கு வித்துடுங்க மேடம், அதுதான் புத்தி" என்று அவரே சொன்னார். நான் சரி செய்யச் சொன்னேன். ஏன் என்று யோசிக்கவில்லை. நீ ஓட்டிக்கொண்டிருந்ததை உடைந்ததாக விற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம் விடுமுறை நாளில் எதிர்வீட்டு அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுகிறவர் அவர்தான், உனக்குத் தெரியும்.

"என்னக்கா, கொஞ்ச நாளா காலைல உங்க வண்டி சத்தமே காணோம்? அத்தைக்கு ஒடம்பு சரியில்லையா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். என் கம்பெனி பஸ் தெருவைத் தாண்டியதும் அத்தை வெளியே வருவாராம். உறையைப் பாதி சுருட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை இரண்டு தரம் அழுத்தி, அணைத்துவிட்டு மறுபடி போர்த்திவிடுவாராம். "நீங்க வேலைக்குப் போற நாள்ல மழையில கூட உட்டதில்லக்கா. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் பால் அடுப்புல வெப்பேன்."

கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில், இதைச் செய்யக் கூடியவர் அவர் ஒருவர்தான் என்றும் பட்டது. கல்யாணமான புதிதில் தோப்புக்குக் கூட்டிப்போய் கிணற்று மோட்டாரை நீ எனக்குக் காட்டியது நினைவுக்கு வந்தது. மழை பொய்த்து கிணறு வறண்டு கிடந்த காலத்திலும், மோட்டார் ஜாம் ஆகிவிடக் கூடாது என்று உன் அம்மா தினமும் காலையில் போய் ஒரு நிமிஷம் போட்டு அணைப்பாராம். ஊரில் எல்லார் மோட்டாரும் இறுகிக் கிடக்க, தண்ணீர் வந்த அன்று உங்களுடையது மட்டும் ஓடியதாம். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த பெருமை! அந்த மோட்டாருக்குச் செய்ததைத்தான் அவர் இந்த வண்டிக்கும் செய்திருக்கிறார். அதில்தான் வண்டி செத்தது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மகன் விட்டுப்போனதை நீங்கள்தான் உங்கள் கையால் கெடுத்தீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால், வண்டி திரும்பி வந்த மறுநாள் காலையே புது எஞ்சினுக்கும் அதே கதி. சாவியை ஒளித்து வைத்தால் அது இன்னும் கேவலம். ஒரு வழிதான் இருந்தது. வண்டியை எடுத்த கையோடு நேராகக் கிருஷ்ணகிரிக்கு ஓட்டிப்போய்க் கொடுத்துவிட்டால் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த எண்ணத்தோடுதான் எடுக்கப் போனேன். ஒர்க்‌ஷாப்காரர் கொஞ்ச நாளைக்கு விரட்டாமல் ஓட்டச் சொன்னார். "ஸ்டார்ட் பண்ணா அரை மணி நேரமாச்சும் ஓட்டணும். இல்லைன்னா தொடவே தொடாதீங்க." அத்திப்பள்ளி நெரிசல் தாண்டி, கம்பெனி பஸ்களுக்கு நடுவில் எல்லையைக் கடந்ததும் சாலை கொஞ்சம் காலியானது. லேசாக அழுத்தினேன். விசில் சத்தம் வந்தது. என் கை தானாகப் போய்ப் பாட்டை நிறுத்தியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

ஓசூர் மேம்பாலத்தில் நேராகப் போயிருந்தால் கிருஷ்ணகிரி. நான் பாலம் ஏறாமல் கீழே இறங்கி வீட்டுக்குத் திரும்பினேன்.

நான் ஹாரன் அடிப்பதற்குள் அத்தை கேட்டைத் திறந்துவிட்டார். வண்டி ரிப்பேர், இன்று எடுக்கப் போகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன்; எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் வைத்து, ஏற்றச் சொல்லி, கற்பூரம் சுற்றினார். "சத்தம் முன்ன மாதிரி இல்ல. நல்லாயிருக்கு" என்றார். பிறகு கையை நீட்டினார். "சாவியக் குடு, சாமிகிட்ட வெக்கறேன்."

"அத்தே, காலைல இத ஸ்டார்ட் பண்ணி ஒடனே ஆஃப் பண்ணக் கூடாதுங்க."

அவர் எதிர்வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு நிமிசந்தான ஓட உட்டேன்."

"அதுலதாங்க போச்சு. சூடேறாம நிறுத்தி நிறுத்தி ஆயில் கெட்டுப்போச்சு."

"மோட்டாருக்கு அப்பிடித்தான பண்ணுவோம்."

"இது மோட்டார் இல்லீங்க அத்தே."

படியில் உட்கார்ந்தார். கற்பூரத் தட்டு கையிலேயே இருந்தது. "அப்ப நான்தான் கெடுத்தனா?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். பழைய வண்டி, எப்படியும் போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். "ஆமாங்க" என்றேன்.

அவர் அழவில்லை. தட்டைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரில அவன்தான் சொன்னான். வண்டிய நிக்க உட்டுடாதம்மா, அவ இப்பத்திக்கி அதத் தொட மாட்டா, ஒரு நாளு அவளே வந்து சாவி கேப்பா, அன்னிக்கி வண்டி ஓடணும்னு. நீயும் வந்து கேட்ட. அன்னிக்கி எனக்கு எவ்ளோ நிம்மதின்னு உனக்குத் தெரியாது. நீ தெரு திரும்பற வரைக்கும் நின்னு பாத்தேன்."

அவர் அருகில் உட்கார்ந்தேன். அதற்குமேல் மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. "நான் விக்கறதுக்குத்தாங்க கேட்டேன் அத்தே."

அவர் தட்டைப் பார்த்தார். கற்பூரம் அணைந்திருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி. இப்ப என்ன பண்ணப் போற?" என்றார்.

கிரானைட்காரருக்கு போன் செய்து வண்டி விற்பதாக இல்லை என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அதற்காக இல்லீங்க என்று வைத்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் போகிறோம். பெரும்பாலும் தேன்கனிக்கோட்டை ரோடு. யானை நடமாட்டம் என்று சொன்னால் பாதியிலேயே திரும்பிவிடுவோம். அத்தை முதலில் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து, பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்க வேண்டும். "மனுசங்க ஏற வண்டியா இது" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார். கொஞ்ச தூரம் போனதும், "அவன் இதவிட வேகமாப் போவான்" என்கிறார். உன்னோடு அவர் இதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. நான் மறுத்துப் பேசுவதில்லை.

எனக்கு உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அதை என்னிடமே சொல்லியிருக்கலாம். நான்தான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தேனே. சொல்லியிருந்தால் வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பேன், அது உனக்குத் தெரிந்திருக்கிறது. அப்படி ஒதுக்கினவளே ஒரு நாள் கேட்பாள் என்றும் தெரிந்திருக்கிறது. என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதன் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனது எந்த ஊர் நியாயம்? கேட்டால் பதில் சொல்ல நீ இல்லை. வண்டியை ஓட்டுகிறேன்.