உங்களுக்குக் கேட்ட பதிப்பு

அண்ணா,

இன்று மதியம் கிளினிக்கில் ஆள் குறைந்த நேரத்தில் கூரியர் பெட்டியைப் பிரித்தேன். புது பிளாஸ்டிக் உறையின் வாசனை மூக்கில் ஏறியதும், கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் பல்லாலேயே உறையைக் கிழிக்கும் உங்கள் முகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

உள்ளே இருப்பவை தாடிக்காரரின் சிம்பொனிகள். போன நூற்றாண்டுக்கு முந்தைய அந்த ஜெர்மானியரை நீங்கள் ஒருநாளும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. கிராமபோன் காலத்தில் பதிந்த அதே பழைய வாசிப்பை இன்னொரு கம்பெனி மறுபடி சுத்தம் செய்து வெளியிட்டிருக்கிறது. முன்பு வந்த பதிப்புகளைவிட இது மேலா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். இணையத்தில் நீங்கள் எழுதிவந்த ரசிகர் குழு இப்போது என்னைத்தான் கேட்கிறது. ஒரே பதிவை எத்தனை முறைதான் கழுவுவார்கள்? அதை எத்தனை முறைதான் கேட்டுச் சொல்வது? அலுத்துவிட்டது அண்ணா.

நாம் பழகியதே இந்த அஸ்தம்பட்டி கிளினிக்கில்தான். காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவர் என்று டாக்டர் உங்களை என்னிடம் அனுப்பினார். பாதி இந்தியாவுக்குப் போர்வெல் போட்டவர். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று, மெல்லிய உச்சச் சத்தங்கள் உங்கள் காதை விட்டுப் போயிருந்தன. அப்படி வருகிற ரிக்காரர்கள் நிறையப் பேர். ஆனால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு யாரும் உங்களைப் போல் கேட்டதில்லை.

"இந்த பீப் சத்தமெல்லாம் கெடக்கட்டுங்க அம்மிணி. முக்கோணமா வளைச்ச கம்பியத் தட்டுனா வர்ற சத்தம் எனக்குக் கேக்குமா, கேக்காதா? அதச் சொல்லுங்க."

எதற்கு என்று விசாரித்தேன். நாக்பூர் பக்கம் போர் போடப் போன வீட்டில், வீட்டுக்காரர் போட்ட இசைத்தட்டில் தாடிக்காரரின் கடைசி சிம்பொனியை முதன்முதலாகக் கேட்டதைச் சொன்னீர்கள். அதன் மூன்றாம் பகுதியில் அத்தனை வாத்தியங்களுக்கும் மேலே அந்தச் சின்னக் கம்பி சிணுங்குமாம். பிறகு எந்தப் பதிப்பை வாங்கிப் போட்டாலும், வருடம் போகப்போக அது தேய்ந்து காணாமலே போய்விட்டதாம்.

"தட்டுல இல்லையா, எங்காதுல இல்லையான்னே தெரியலீங்க."

காதில்தான் இல்லை. சொன்னேன்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் கிளினிக் மூடும் நேரத்துக்கு வர ஆரம்பித்தீர்கள். ஒரே வாசிப்பின் வெவ்வேறு பதிப்புகளை மாற்றி மாற்றிப் போடுவீர்கள்; ஆளுக்கொரு ஹெட்போனில் கேட்போம். வேகமும், கீழ்வாத்தியங்களின் கனமும் உங்கள் பொறுப்பு. வயலின்களின் மேல்நுனியும், பழைய தட்டின் இரைச்சலும் என் பொறுப்பு. எனக்கு முதலில் அந்த இசை பிடிக்கவே இல்லை. அயோத்தியாப்பட்டணம் பஸ் போய்விடுமே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது பஸ்ஸை மறந்தேன் என்று தெரியவில்லை. ஒரு பதிப்பில் இரைச்சல் துளியும் இல்லை, ஆனால் வயலின்கள் கம்பளிக்குள்ளிருந்து கேட்கின்றன என்றேன். "இரைச்சல எடுக்கறேன்னு உசிரையும் சேத்து எடுத்துப்போட்டான்" என்று சொல்லி, அதையே எழுதவும் செய்தீர்கள். உங்கள் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் பலர் வாங்கினார்கள்.

அப்புறம் அந்த வெளிநாட்டுப் பதிப்பு வந்தது. கீச்சென்ற மேல்சத்தங்களைக் கண்டபடி ஏற்றி வைத்திருந்தார்கள். எனக்குப் பல் கூசியது. நிறுத்தச் சொல்லலாம் என்று திரும்பினால், நீங்கள் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தீர்கள்.

"அம்மிணி, கேக்குதுங்க."

"என்னண்ணா கேக்குது?"

"கம்பி. அந்தக் கம்பி கேக்குது."

அந்தப் பகுதி முடியும்வரை ஓடவிட்டேன். முடிந்ததும் நீங்களே கேட்டீர்கள்: "உங்களுக்கு எப்படீங்க இருக்குது?"

"நல்லா இல்லண்ணா. வயலினெல்லாம் தகரத்தக் கீறுற மாதிரி இருக்கு. அப்படி வாசிச்சிருக்கவே மாட்டாங்க."

தலையை ஆட்டினீர்கள். கொஞ்ச நேரம் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"அப்ப அப்படித்தான் எழுதோணும்."

எழுதினீர்கள். பழைய வாசிப்புக்கு இது உண்மையாக இல்லை, வாங்க வேண்டாம் என்று. உங்கள் காதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நானாக இருந்தால் கொஞ்சமாவது சாதகமாக எழுதியிருப்பேன்.

ஆனால் அன்றிலிருந்து உங்கள் காரில் அந்தப் பதிப்புதான் ஓடியது. அது எனக்குத் தெரியாது. போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் மகன் சொன்னார். "அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்பவும் அதுதானுங்க பாடிட்டு இருந்துச்சு. நிறுத்தறதுக்கு யாருக்கும் தோணலீங்க."

புதுப் பதிப்பை மதியமே கேட்டுவிட்டேன். நன்றாகச் செய்திருக்கிறார்கள். வயலின்களில் ஈரம் இருக்கிறது. கம்பி, இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. உங்களுக்குக் கேட்டிருக்காது.

அதற்கு மேல் எழுத வரவில்லை. நல்ல பதிப்பு, வாங்கலாம் என்று மட்டும் குழுவுக்கு அனுப்பினேன். இனி என்னைக் கேட்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். கேட்டுச் சொல்வதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும் அண்ணா. இல்லாவிட்டால் அது வெறும் வேலை. வேலை எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

சாயங்காலம் தம்மம்பட்டியிலிருந்து ஒரு வயதான அம்மா காது மெஷினுக்கு வந்திருந்தார். முன்பெல்லாம் சோதனைத் தாளில் வந்தபடி மெஷினை அமைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன். உங்களோடு பழகிய பிறகு, எந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளும் வழக்கம் ஒட்டிக்கொண்டது.

"சோறு பொங்குறது கேக்கணும்மா" என்றார். "தெனமும் பொங்கி அடுப்பு அணைஞ்சு போவுது. மருமவ சத்தம் போடுறா."

தாளில் உள்ளதைவிட மேல்சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். "மத்ததெல்லாம் கீச்சுன்னு கேக்கும்மா. பரவாயில்லையா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, ஏற்காடு ரோட்டில் போகும் வண்டிச் சத்தத்தை முகம் சுளித்தபடி கொஞ்ச நேரம் கேட்டார்.

"இருந்துட்டுப் போவட்டும். அப்படியே வச்சுடு."

அப்படியே வைத்துவிட்டேன்.