இரண்டாவது வீச்சு

என்னங்க,

பழைய சாமான் எடுப்பவருக்குக் கொடுப்பதற்காக இன்று உங்கள் கம்ப்யூட்டரைத் துடைத்தேன். கீபோர்டில் ஒரே ஒரு பொத்தானில் எழுத்து முழுவதும் தேய்ந்திருந்தது. விளையாட்டில் துப்பாக்கி சுடுகிற பொத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், பக்கவாதம் வந்து உங்கள் வலது கை விழுந்த வருடம். விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். கருமத்தம்பட்டியில் இருந்த உங்கள் தறி ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். அதில் யாரோ ஏற்றியிருந்த துப்பாக்கி விளையாட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். சுட்டால் குடல் சரியும், சுவரெல்லாம் சிவப்பாக வழியும். கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்கு, சாப்பாட்டு நேரத்தில் அந்த அலறலைக் கேட்பதே அருவருப்பாக இருந்தது.

"ஏனுங்க, அந்த ரத்தத்த மட்டும் நிறுத்தி வெக்க முடியாதுங்களா?"

"நிறுத்திப்போட்டா குண்டு பட்டுதா இல்லையான்னு எப்படி அம்மணி தெரியும்? இங்க பாரு, ஒரே குண்டு. கை பழையபடி ஆயிப்போச்சு."

கை தேற உங்களுக்கு இத்தனை அவசரம் எதற்கென்று எனக்குத் தெரியும். கருப்பராயன் கோயில் பொங்கலில் முதல் கிடாயை வெட்டுவது உங்கள் தகப்பனார் விட்டுப்போன உரிமை. நீங்கள் அரிவாளைத் தொடாவிட்டால் அது பங்காளி வீட்டுக்குப் போய்விடும். உங்கள் சித்தப்பா மகன் நம் வீட்டுக்கே வந்து சிரித்தார்.

"அண்ணனுக்குச் சோத்தையே அண்ணி ஊட்டறாங்களாமா. அருவாள நானே புடிச்சுக்கறனுங்க."

"கோயலுக்கு வா, பாத்துக்கலாம்" என்றீர்கள்.

பொங்கலன்று கோயிலில் தண்ணீர் தெளித்ததும் ஆடு உடம்பை உதறிச் சம்மதம் கொடுத்தது. ஓங்கினீர்கள். பொத்தான் அழுத்தப் பழகிய கை அரிவாளின் கனத்தைத் தாங்கவில்லை. வெட்டு தோளில் இறங்கியது. ஆடு விழவில்லை. தோள் பிளந்து, முன்னங்கால் மடங்கி, உங்களைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது. அரிவாளைப் பிடுங்கி இரண்டாவது வீச்சை வீசியவர் அதே சித்தப்பா மகன்.

வீட்டில் உங்கள் கையை நான்தான் கழுவிவிட்டேன். நக இடுக்கில் இருந்தது லேசில் போகவில்லை.

"அந்த வெளையாட்டுல உளுந்தவன் கொஞ்ச நேரத்துல காணாமப் போயிருவான் அம்மணி," என்றீர்கள். பிறகு, "இந்த ஆடு என்னையப் பாத்துதா?"

"இல்லீங்க. உங்களப் பாக்கவே இல்லீங்க."

அடுத்த பொங்கலுக்கு நீங்கள் இல்லை. யார் பொய் சொன்னாலும் பொறுக்காதவள் என்று எனக்கு ஊரில் பெயர். அந்த ஒரு பொய்யை மட்டும் இன்னும் என்னோடு வைத்திருக்கிறேன். நீங்கள் மறுபடி வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.